காசு இருக்கு... கடை எங்கே?



கட்டுரைக்குள் போகும் முன் ஒரு சின்னக் கேள்வி. மனசாட்சியைத் தொட்டு பதில் சொல்லுங்க. நீங்க கடைசியா காசு கொடுத்து ஒரு பாட்டு வாங்கினது எப்போ?

யோசிக்கிறீங்களா? யோசிங்க, யோசிங்க. என்னை யாராவது போன வருஷம் கேட்டிருந்தா நானும் திருதிருன்னுதான் முழிச்சிருப்பேன். பதினாறு வயசு வரைக்கும் நான் கேட்ட பாட்டு ஆயிரக்கணக்கில். காசு கொடுத்து வாங்கிய பாட்டு... பூஜ்யம்!

போன கோடை விடுமுறையில்தான் முதல்முறையாக வாங்கினேன். அதை வாங்க எனக்கு முழுசாக நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாள் கதையையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய கருத்தையும்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கையெழுத்து சரியில்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

தாத்தாவின் ஆசை

என் தாத்தா தவில் வாசித்தவர். கை நடுக்கம் வந்ததும் விட்டுவிட்டார். பார்வையும் மங்கல். அவருக்கு ஒரே துணை பென் டிரைவ் சொருகிப் பாட்டுக் கேட்கும் ஒரு சின்னப் பெட்டி. காலையில் சுப்ரபாதம், மாலையில் கச்சேரி. அவ்வளவுதான் அவர் உலகம்.

ஒருநாள் சாயங்காலம் சொன்னார்: "வெள்ளைக்காரன் கம்பெனி ஒண்ணு நம்மூரு நாதஸ்வரக் கச்சேரியை இசைத்தட்டா போட்டான்டா. எங்க வாத்தியார் வீட்டுல ஒரே ஒரு தடவை கேட்டேன். அந்தத் தோடியை இன்னொரு தடவை கேட்டுட்டா போதும்."

நான் பெருமையாகச் சொன்னேன்: "இவ்வளவுதானா தாத்தா! பஸ் ஸ்டாண்டு கடையில அம்பது ரூபா குடுத்தா பென் டிரைவ் நெறைய ஏத்தித் தருவாங்க."

தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"எங்க செட்டு வாசிச்சும் ஒரு கேசட்டு வந்துச்சு. வாசிச்ச அன்னிக்கு ஒரு தொகை கையில குடுத்தாங்க. நல்லா வித்தா அடுத்தது போடலாம்னாங்க. அப்புறம் எந்த ஊருத் திருவிழாவுக்குப் போனாலும் எங்க வாசிப்பு ஒலிபெருக்கில ஓடும். சந்தோஷமாப் போய் கேசட்டை வாங்கிப் பாத்தா, மேல ஒட்டுன காகிதத்துல எங்க பேரே இருக்காது. எவனோ காப்பி எடுத்து வித்தது. கேசட்டு போட்டவரு, ஒண்ணும் விக்கலயேன்னு கையை விரிச்சுட்டாரு. ரெண்டாவது கேசட்டு வரவேயில்ல. நியாயமா வாங்க முடிஞ்சா வாங்கிட்டு வா. இல்லேன்னா வேணாம்."

இதுக்கு மேல நான் என்ன பேச? சரி, நியாயமாகவே வாங்குவோம் என்று கிளம்பினேன். உண்டியலில் அறுநூற்று நாற்பது ரூபாய் இருந்தது. ஆனால் நண்பர்களே, நியாயமாக வாங்குவது அவ்வளவு சுலபம் இல்லை!

முதல் நாள்: "உங்கள் நாட்டில் இல்லை"

இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுக் கடை ஒன்றில் அதே தொகுப்பு, அதே அட்டைப்படம்! விலை ஏழு டாலர். நம்ம காசுக்கு அறுநூறு ரூபாய் சுமார். ஆசையாக 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினால், "இந்தத் தொகுப்பு உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை" என்று வந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ராகம் நம்மூர் ராகம். வாசித்தவர் நம்மூர்க்காரர். கேட்க ஆசைப்படுகிறவரும் நம்மூர்க்காரர். நம் வயலில் விளைந்த நெல்லை நமக்கே இல்லை என்று சொன்ன மாதிரி இருந்தது.

ஏன் இப்படி? விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பாட்டின் உரிமை ஒரே ஆளிடம் இருப்பதில்லை. மெட்டுக்கு ஒரு உரிமை, வரிகளுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஒரு உரிமை. அதை நாடு நாடாகப் பிரித்து வேறு வேறு நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். இசைத்தட்டு கப்பலில் போன காலத்து ஏற்பாடு இது. இணையக் கடைக்காரர் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். வாங்காத நாட்டில் கதவு மூடியே இருக்கும்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் ஆப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் கடை. அமெரிக்காவில் 2003 ஏப்ரல் 28-ல் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது! பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிக்கு 2004-ல் வந்தது. ஜப்பானுக்கு 2005-ல். நம் இந்தியாவுக்கு? 2012 டிசம்பரில்! ஒன்பது வருஷத்துக்கும் மேல் நாம் கதவுக்கு வெளியே நின்றோம். அந்த ஒன்பது வருஷத்தில் நம் ஊர்க் கடைகளில் பாட்டு கிடைக்காமலா இருந்தது? நூறு பாட்டு அடங்கிய எம்.பி.3 சி.டி. பிளாட்பாரத்திலேயே கிடைத்தது. எது என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் நாள்: வாடகை வீடு

"எதுக்குடா வாங்கறே? மாசச் சந்தா கட்டுற ஆப்ல எல்லாப் பாட்டும் இருக்கே" என்றான் என் நண்பன். பார்த்தேன். தாத்தாவின் கச்சேரி அங்கே இருந்தது! ஆனால் பென் டிரைவுக்கு ஏற்ற முடியாது. செல்போனில், அந்த ஆப்பில் மட்டும்தான் கேட்கலாம். செல்போன் திரையே தெரியாத தாத்தா ஆப்பை வைத்து என்ன செய்வார்?

சந்தா ஆப் கெட்டது என்று நான் சொல்லவில்லை. திருட்டைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது வாடகை வீடு. வாடகை கட்டும் வரைதான் இருக்கலாம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாலும் போக வேண்டியதுதான். 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஒரு பெரிய இந்திப் பாட்டு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முடிந்தபோது, அந்த நிறுவனத்தின் பாட்டுகள் எல்லாம் ஆப்பிலிருந்து காணாமல் போயின. 2024-ல் விங்க் மியூசிக் என்ற ஆப்பையே மூடுவதாக அறிவித்தார்கள். ஆசையாகச் சேர்த்து வைத்த பட்டியல் அவ்வளவுதான்.

தாத்தாவுக்கு வேண்டியது சொந்த வீடு. ஒரே ஒரு அறை போதும். ஆனால் சொந்தமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: வாங்கியும் பாடவில்லை

அதே கச்சேரியை வேறொரு நிறுவனம் மறுபடி வெளியிட்டிருந்ததை மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். அந்தக் கடையில் நம் நாட்டுக்குப் பூட்டு இல்லை. அப்பாவின் டெபிட் கார்டு நம்பரைப் போட்டால் "பணம் செலுத்த முடியவில்லை" என்று வந்தது. வெளிநாட்டுப் பரிமாற்றம் கார்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, நாம் கேட்டால்தான் திறப்பார்கள் என்பது அப்போதுதான் அப்பாவுக்கே தெரிந்தது. "ஒரு பாட்டுக்கு இவ்வளவு அக்கப்போரா?" என்று திட்டிக்கொண்டே பேங்க் ஆப்பில் திறந்தார். பாட்டு வாங்கியவுடன் மறுபடி மூடிவிட்டார். (என் உண்டியல் காசையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்!)

பென் டிரைவில் ஏற்றி, தாத்தாவின் பெட்டியில் சொருகினேன். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டி... மௌனம். தட்டினேன். மௌனம். பழைய சுப்ரபாதம் பாடுகிறது, புதுக் கச்சேரி மட்டும் பாடவில்லை.

"பரவால்லடா" என்றார் தாத்தா. அந்தப் 'பரவால்ல'தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நான்காம் நாள்: தோடி

நம் கணினி ஆசிரியரிடம் ஓடினேன். விடுமுறையிலும் வீட்டு வாசலிலேயே நின்று பாடம் நடத்தினார். (நன்றி சார்!) அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன், உங்களுக்கும் உதவும்.

பாட்டுக் கோப்புகளில் பல வகை உண்டு. சி.டி.யில் இருக்கும் ஒலி ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி. இடம் பிடிக்கும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில் முக்கியமாக உருவான எம்.பி.3 முறையில், காது பெரிதாகக் கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு, சாதாரணத் தரத்தில் நிமிஷத்துக்கு 1 எம்.பி. அளவுக்குச் சுருக்கிவிடலாம். இதற்கு அடுத்து வந்தது ஏ.ஏ.சி. அது இதைவிட நன்றாகச் சுருக்கும், ஆனால் எல்லாப் பெட்டியும் அதைப் படிக்காது. மூன்றாவது, ஃப்ளாக். இது எதையும் கழிக்காமல் மடித்து வைப்பது. தரம் முதல் தரம், ஆனால் விலை மலிவான பல பெட்டிகளுக்கு இந்தப் பாஷை புரியாது. நான் வாங்கியது ஃப்ளாக்!

"ஃப்ளாக் தாய்ப் பிரதி மாதிரி. அதைப் பத்திரமா வெச்சுக்க. அதுலேருந்து எம்.பி.3 எடுத்து தாத்தாவுக்குக் குடு. எம்.பி.3-லேருந்து இன்னொரு வகைக்கு மாத்தினா மறுபடியும் தரம் குறையும். ஃப்ளாக்லேருந்து எத்தனை தடவை எடுத்தாலும் தாய்ப் பிரதி கெடாது" என்றார் சார். கணினியில் இலவச மென்பொருள் ஒன்றைக் காட்டி மாற்றச் சொன்னார். ஐந்து நிமிஷ வேலை.

அன்று சாயங்காலம் தோடி பாடியது. தாத்தாவின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் தானாகத் தட்ட ஆரம்பித்தன. நடுக்கத்தோடுதான். ஆனால் தாளம் ஒரு இடத்தில்கூட விலகவில்லை.

பூட்டு யாருக்கு?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். திருடுகிறவனுக்குப் பத்து நிமிஷம், நியாயமாக வாங்குகிறவனுக்கு நாலு நாள் என்றால், தப்பு வாங்குகிறவன் மேல் மட்டும் இல்லை. விற்கிற முறையிலும் இருக்கிறது.

முன்பு இதைவிட மோசமாக இருந்ததாம். டி.ஆர்.எம். என்று ஒரு மின்பூட்டைப் பாட்டுக்குள்ளேயே போட்டு விற்றார்கள். ஐட்யூன்ஸில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு வேறு நிறுவனத்தின் பாக்கெட் பிளேயரில் பொதுவாக ஓடாது. மைக்ரோசாஃப்ட் பூட்டுப் போட்ட பாட்டு ஐபாடில் ஓடாது. 2006-ல் மைக்ரோசாஃப்ட் ஸூன் என்ற புது பிளேயரைக் கொண்டுவந்தது. தன் பழைய பூட்டுப் பாட்டே அதில் ஓடவில்லை என்றால் பாருங்களேன்!

அதைவிடக் கொடுமை, கடை மூடினபோது நடந்தது. எம்.எஸ்.என். மியூசிக் கடையில் வாங்கிய பாட்டுகளுக்குப் புதுக் கணினியில் இனி சாவி தரமாட்டோம் என்று 2008-ல் அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்ததால் கெடுவை 2011 வரை தள்ளி வைத்தார்கள். யாஹூவின் பாட்டுக் கடையும் 2008 செப்டம்பரோடு சாவி தருவதை நிறுத்தி, வாங்கியவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. கவனிங்க, மாட்டிக்கொண்டது யார்? காசு கொடுத்தவர்கள்! இலவசமாகத் திருடியவனின் பாட்டு எந்தப் பூட்டும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கம்பெனிகளுக்கே புத்தி வந்தது. 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், பூட்டே வேண்டாம் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அந்த வருஷமே இ.எம்.ஐ. நிறுவனத்தின் பாட்டுகள் பூட்டில்லாமல் வந்தன. அமேசானும் 2007 செப்டம்பரில் பூட்டில்லாத எம்.பி.3 கடையை அமெரிக்காவில் திறந்தது. 2009-ல் ஐட்யூன்ஸின் மற்றப் பாட்டுகளுக்கும் பூட்டு போனது. பூட்டு போனதால் யாரும் கடையை மூடிவிட்டு ஓடவில்லை.

நம்ம பக்கம் நியாயமா?

"அப்போ கம்பெனிங்க மேலதான் தப்பு. நாம டவுன்லோடு பண்ணலாம்" என்று கைதட்டுபவர்களே, கொஞ்சம் பொறுங்க!

நம் நாட்டில் ஒரு நல்ல கடை இருந்தது. ஃப்ளிப்கார்ட் நிறுவனம் 2012-ல் ஃப்ளைட் என்ற பாட்டுக் கடையைத் திறந்தது. பூட்டு கிடையாது. எம்.பி.3 என்பதால் எந்தப் பெட்டியிலும் ஓடும். விலையும் சில ரூபாய்தான். நாம் கேட்ட எல்லாமே அதில் இருந்தது. என்ன ஆச்சு? 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். திருட்டுப் பாட்டு ஒரு காரணம், சில்லறைத் தொகையை இணையத்தில் கட்டுவது சுலபமாக இல்லாதது இன்னொரு காரணம் என்று சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் இரண்டாவது கேசட்டு ஞாபகம் வந்தது. வராமலே போன கேசட்டு.

"பாடினவனுக்கா காசு போகுது? எல்லாம் கம்பெனிக்குத்தான்" என்றும் சிலர் சொல்வார்கள். தாத்தா விஷயத்தில் அது பாதி உண்மைதான். அதற்காகத்தான் 2012-ல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று உறுதி செய்தார்கள். ஆனால் யாருமே வாங்காவிட்டால் எதிலிருந்து பங்கு? பூஜ்யத்தில் பாதியும் பூஜ்யம்தானே! கணக்கு சார் ஒத்துக்கொள்வார்.

"வெளிநாட்டு முகவரி பொய்யாகக் கொடுத்து வாங்கலாமே?" என்று ஒரு அண்ணன் யோசனை சொன்னார். காசுதான் கொடுக்கிறோமே என்று எனக்கும் சபலம் வந்தது. ஆனால் அது கடையின் விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் கணக்கை முடக்குவார்கள். நியாயமாக வாங்கக் கிளம்பிவிட்டு, வாசலிலேயே பொய் சொல்லி நுழைவது நல்லாவா இருக்கு?

┈┈┈┈┈┈┈┈┈┈┈┈

கட்டம் கட்டி ஒரு குறிப்பு: வாங்கும் முன் பார்க்க!

1. முதலில் நம் நாட்டில் விற்கிறார்களா என்று பாருங்கள். ஒரு கடையில் இல்லாவிட்டால் இன்னொன்றில், வேறு வெளியீட்டில் இருக்கலாம்.

2. சொந்தமாக இறக்கி வைக்கலாமா, ஆப்பில் மட்டும்தான் கேட்கலாமா?

3. எந்த வகைக் கோப்பு? உங்கள் பெட்டி எதைப் படிக்கும்? சந்தேகம் இருந்தால் எம்.பி.3. வசதி இருந்தால் ஃப்ளாக் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

4. கலைஞர்களே நேரடியாக விற்கும் இடமும் உண்டு. 2008-ல் தொடங்கிய பேண்ட்கேம்ப் அப்படிப்பட்டது. பூட்டு இல்லை. எம்.பி.3, ஃப்ளாக் என்று நாமே வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

5. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். (மெட்டுக்கும் வரிகளுக்கும் கணக்கு வேறு.)

6. வாங்கியதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். கடை மூடினாலும் பாட்டு மூடாது.

7. அப்பா அம்மா அனுமதி இல்லாமல் கார்டைத் தொடாதீர்கள்!

┈┈┈┈┈┈┈┈┈┈┈┈

என் வேண்டுகோள்

பாட்டு விற்கும் பெரியவர்களே! (அவர்கள் நம் பள்ளிச் சுவரைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.) 2013-ல் சில்லறை கட்ட வழியில்லை என்றீர்கள். 2016-ல் யு.பி.ஐ. வந்துவிட்டது. இப்போது எங்கள் பள்ளி வாசலில் நெல்லிக்காய் விற்கும் பாட்டியிடம்கூட கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய் நெல்லிக்காயைச் சொந்தமாக வாங்க முடிகிறது. பத்து ரூபாய்ப் பாட்டை ஏன் அதே மாதிரி வாங்க முடியவில்லை? பூட்டில்லாமல், எல்லாப் பெட்டியிலும் ஓடுகிற மாதிரி, எங்கள் ஊர் இசையை எங்கள் ஊருக்கும் விற்றுத்தான் பாருங்களேன்!

நண்பர்களே! உங்களிடம் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குங்கள் என்று சொல்ல நான் பெரிய உத்தமன் இல்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டு. உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை, அது எங்கே நியாயமாகக் கிடைக்கும் என்று தேடி வாங்குங்கள். கிடைக்கவில்லையா? அந்தக் கடைக்கு "எங்கள் நாட்டிலும் விற்கவும்" என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். மூடிய கதவைத் தட்டலாம், தப்பில்லை. பின்பக்கச் சுவர் ஏறிக் குதிப்பதுதான் தப்பு.

என் வகுப்புப் பையன்கள் இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். "பாட்டுக்குக் காசு குடுத்த ஒரே ஆளு இவன்தான்டா!" செய்யட்டும். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் தோடி கேட்கிறது. நேற்று தாத்தா கேட்டார்:

"இது நம்மளுதுதானே? யாரும் வந்து எடுத்துக்க மாட்டாங்களே?"

"நம்மளுதுதான் தாத்தா. காசு குடுத்து வாங்கினது" என்றேன்.

அப்படிச் சொல்லும்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் தெரியும்.



— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்

(மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தொங்கும் காகிதத்தில் எழுதலாம். தயவுசெய்து கட்டுரை மேல் கிறுக்க வேண்டாம்!)